அந்த ஊரில் சோறு வடித்தது யார்?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளிர் தினத்தன்று உங்கள் நாளிதழில் சோவியத் நாட்டுப் பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதற்கு அப்புறம் பத்து நாளாக வாசகர் பகுதியில் அதைப் பற்றித்தான் சண்டை. ஒருவர் அங்கே பெண்கள் மகாராணி மாதிரி வாழ்ந்தார்கள் என்று எழுதுகிறார், மறுநாள் இன்னொருவர் ரொட்டிக்கு வரிசையில் நின்றே அவர்கள் ஆயுசு போய்விட்டது என்கிறார். பெயர்களை வைத்துப் பார்த்தால் எழுதிய அத்தனை பேரும் ஆண்கள். அவர்கள் சொன்னதில் பெரிதாகப் பொய் எதுவும் இல்லை. ஆனால் எங்கள் அம்மா நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்பு கேட்ட ஒரு கேள்விக்கு இரண்டு தரப்பிலிருந்தும் பதில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி, இன்றும் இருப்பது வியாசர்பாடியில். எங்கள் நைனா பி அண்ட் சி என்ற துணி மில்லில் தொழிலாளி. 1918-ல் அந்த மில் ஆட்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, 1923-ல் சிங்காரவேலர் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார், இதெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்ததாக நினைவில்லை, நைனா சாப்பிட்டுக்கொண்டே சொன்னதுதான். சங்கத்தில் அவருக்கு நல்ல பேர். ஒருத்தரைக் கைநீட்டி அடித்ததில்லை, குடித்ததில்லை, என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தார். அந்தத் தெருவில் எத்தனை பெண் பிள்ளைகளுக்கு அது கிடைத்தது என்பது எனக்குத் தெரியும். அவரைக் குறை சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை.

நைனா 'சோவியத் நாடு' பத்திரிகை வாங்கிவருவார். வழுவழுவென்று நல்ல கனமான தாள், கலர் படம். எல்லாரும் படித்து முடித்ததும் அதைக் கிழித்துத்தான் எங்கள் நோட்டுகளுக்கு அட்டை போடுவோம், வட சென்னையில் எழுபதுகளில் படித்த பாதிப் பேருக்கு இது ஞாபகம் இருக்கும். என் கணக்கு நோட்டின் மேல் வாலென்டினா தெரஷ்கோவாவின் முகம் ஒரு வருஷம் முழுக்க இருந்தது. அந்தப் படத்தைக் காட்டி நைனா சொல்வார், "பாப்பா, இந்தப் பொண்ணும் நூல் மில்லுல வேல செஞ்ச பொண்ணுதான். அது அம்மாவும் மில்லுதான். இன்னிக்கு வானத்துக்குப் போய்ட்டு வந்துடுச்சு பாரு." அது உண்மை. யாரோஸ்லாவ்ல் என்ற ஊரில் மில் வேலை பார்த்தவர் அவர், 1963 ஜூன் 16-ம் தேதி விண்வெளிக்குப் போன முதல் பெண். ஒரு மில் தொழிலாளியின் மகளுக்கு அந்தப் படம் என்னவாக இருந்திருக்கும் என்பதை அந்தக் கட்டுரையைக் கிண்டல் செய்தவர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் ராத்திரி நைனா இப்படித்தான் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அங்கே பெண்கள் டாக்டர், இன்ஜினியர், கிரேன் ஓட்டுகிறார்கள், குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போகிறார்கள் என்று. அம்மா அடுப்படியில் பானையைச் சாய்த்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். காலையில் நாலு மணிக்கு எழுந்து தெருமுனையில் இட்லி விற்றவள், சாயங்காலம் மாவாட்டியவள், இன்னும் ராத்திரி மூன்று மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க எழுந்திருக்க வேண்டியவள். தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

"இன்னாய்யா, அந்த ஊர்ல சோத்த யாரு வடிக்கிறா?"

நைனாவுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அப்புறம், "அதெல்லாம் அங்க கவர்மென்டே பாத்துக்கும்" என்றார். அம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு அவருக்குத் தட்டு போட்டாள்.

நைனா சொன்னது வெறும் வாய்ப்பேச்சு இல்லை, தொடக்கத்தில் அந்த அரசு அப்படித்தான் சொன்னது. அந்த அரசைக் கொண்டுவந்த புரட்சியே பெண்கள் தொடங்கிவைத்ததுதான். 1917 மார்ச் 8, பெண்கள் தினம், அப்போதைய தலைநகர் பெட்ரோகிராடின் நூல் மில் பெண்கள் ரொட்டி கேட்டு வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள், பக்கத்து ஆலைகளின் ஆண்களையும் வெளியே இழுத்தார்கள், ஒரே வாரத்தில் மன்னர் ஜாரின் பதவி போனது. அந்த வருஷக் கடைசியிலேயே புதிய அரசு பதிவுத் திருமணத்தையும் விவாகரத்தையும் சட்டமாக்கியது. 1918-ல் வந்த குடும்பச் சட்டம், கல்யாணத்துக்கு உள்ளே பிறந்த பிள்ளை வெளியே பிறந்த பிள்ளை என்ற பேதமே கிடையாது என்றது. 1920-ல் கருக்கலைப்பைச் சட்டப்படி அனுமதித்தது, உலகத்திலேயே அதுதான் முதல் நாடு. அந்தச் சமயத்தில் இங்கே என்ன நிலைமை என்றால், சென்னை மாகாணத்தில் பெண்கள் ஓட்டுப் போடலாம் என்பதே 1921-ல்தான் வந்தது, அதுவும் சொத்து இருந்தவர்களுக்கு.

சோறு வடிப்பதைப் பற்றியும் பேசினார்கள். சட்டம் மட்டும் போட்டால் போதாது, அடுப்படிதான் பெண்ணை நசுக்குகிறது என்று 1919-லேயே அந்த அரசின் தலைவர் லெனின் எழுதினார். முதல் மந்திரி சபையிலேயே இடம்பெற்ற அலெக்சாண்ட்ரா கொலந்தாய் இன்னும் ஒரு படி மேலே போய், தேவாலயத்தை அரசிலிருந்து பிரித்தது எவ்வளவு பெரிய காரியமோ அதற்குக் குறையாத காரியம் சமையலறையைக் கல்யாணத்திலிருந்து பிரிப்பது என்ற கருத்தில் எழுதினார். பொது உணவுக்கூடம், பொதுச் சலவையகம், குழந்தைகள் காப்பகம், இந்த மூன்றும் வந்துவிட்டால் பெண் விடுதலை ஆவாள் என்பது கணக்கு. அம்மாவின் கேள்வியை உலகத்தில் முதல்முதலில் ஓர் அரசாங்கம் தன் கேள்வியாக எடுத்துக்கொண்டது அங்கேதான் என்று நான் நினைக்கிறேன். இதை மறைத்துவிட்டு வரிசையைப் பற்றி மட்டும் எழுதுவது நியாயமில்லை.

சரி, நடந்தது என்ன?

வேலை கிடைத்தது. 1970-களில் அந்த நாட்டில் வேலை செய்தவர்களில் பாதிப் பேர் பெண்கள், டாக்டர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். 1897 கணக்கெடுப்பில் நூறு பெண்களில் 13 பேருக்குத்தான் எழுத்து தெரியும், அறுபது வருஷத்தில் கிட்டத்தட்ட எல்லாரும் படித்துவிட்டார்கள். 1956-லிருந்து பிரசவத்துக்குச் சம்பளத்தோடு 112 நாள் விடுப்பு. நம் நாட்டில் 1961-ல் சட்டம் வந்தபோது 12 வாரம்தான், அதாவது 84 நாள்.

அந்த 84 நாளும் எனக்குக் கிடைக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் ராயபுரம் பக்கம் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லராக இருந்தேன். வயிறு தெரிய ஆரம்பித்ததும் சூப்பர்வைசர், "நின்னுக்கம்மா, குழந்த பொறந்து வந்தா புதுசா சேத்துக்கறோம்" என்றார். புதிதாகத்தான் சேர்த்தார்கள், பழைய சர்வீஸ் போனது. அந்தக் கம்பெனியில் ஓர் அறை இருந்தது. வாசலில் 'குழந்தைகள் காப்பகம்' என்று பலகை, சுவரில் ஒரு பெரிய வெள்ளை முயல் வரைந்திருக்கும். உள்ளே நூல் கோன் மூட்டைகளும் கால் உடைந்த மிஷின் ஸ்டாண்டுகளும். 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பகம் இருக்க வேண்டும் என்று அப்போதிருந்த தொழிற்சாலைச் சட்டம் சொன்னது, நாங்கள் இருநூறு பேருக்கு மேல். வெளிநாட்டு பையர் வருகிறார் என்றால் முதல் நாள் ராத்திரி மூட்டையை எல்லாம் எடுத்துவிட்டு இரண்டு தொட்டில் கட்டுவார்கள், நாலைந்து பேரைப் பிள்ளையைக் கூட்டிவரச் சொல்வார்கள். ஒருமுறை என்னையும் சொன்னார்கள். என் பையனுக்கு அப்போது இரண்டு வயசு. ஃபேனுக்குக் கீழே தொட்டிலில் மத்தியானம் முழுக்கத் தூங்கினான், அன்றைக்கு ஒரு நாள் நான் மிஷினில் உட்கார்ந்து வீட்டைப் பற்றி யோசிக்காமல் தைத்தேன். மறுநாள் மூட்டைகள் திரும்ப வந்துவிட்டன. பையன் ஒரு வாரம் காலையில் எழுந்ததும், "மொயல் ரூமுக்குப் போலாம்மா" என்று அழுதான்.

அதனால் அங்கே காப்பகம் இருந்தது என்று யாராவது எழுதினால் என்னால் தாண்டிப் போக முடியாது. கூட்டம் அதிகம், பிள்ளைகளுக்கு அடிக்கடி சளி காய்ச்சல், அம்மாதான் லீவு போட வேண்டும், எல்லாம் இருந்தது. ஆனால் அறைக்குள் நிஜமாகவே குழந்தைகள் இருந்தார்கள்.

சோறு விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா மகள் ரஷ்யாவில் வோல்கோகிராடில் டாக்டருக்குப் படித்தாள். அவள் தங்கியிருந்த விடுதியின் வாசலில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார், வருவோர் போவோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கமிஷின் என்ற ஊரில் பெரிய பருத்தி மில், அதில் வேலை பார்த்தவர் அந்தப் பாட்டி. என் தாத்தாவும் மில் தொழிலாளிதான் என்று இவள் சொன்னதும் இரண்டு பேருக்கும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பாட்டி சொன்னதை இவள் லீவுக்கு வரும்போதெல்லாம் எனக்குச் சொல்வாள். பெண்களுக்கு 55 வயசில் பென்ஷன், ஆண்களுக்கு 60. மில்லில் சம்பளம் சரியாக வந்துவிடும். ஆனால் வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போக முடியாது, வரிசைக்குத்தான். கைப்பையில் எப்போதும் ஒரு வலைப்பை மடித்து வைத்திருப்பார்கள், வழியில் எங்கே என்ன விற்கும் என்று தெரியாது, ஒருவேளை கிடைக்கலாம். அந்தப் பைக்கே அங்கே 'அவோஸ்கா' என்று பெயர், 'ஒருவேளை' என்ற சொல்லிலிருந்து வந்தது. வரிசையைப் பார்த்ததும் முதலில் நின்றுவிடுவார்களாம், என்ன விற்கிறார்கள் என்பதை அப்புறம்தான் கேட்பார்களாம். நின்றதும் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை "கடைசி யார்?" பெரிய வரிசை என்றால் உள்ளங்கையில் மையால் நம்பர் எழுதிக்கொள்வார்கள். அந்தக் கையை வைத்துக்கொண்டே போய்ச் சமைப்பார்கள், நம்பர் அழியாமல்.

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் தெருக்குழாய்தான் கண்முன் வந்தது. ஸ்டோர் வீட்டில் ஏழு குடித்தனம், குழாய் தெருவுக்கே பொது. நேரில் நிற்க முடியாவிட்டால் குடத்தை வைப்போம், குடம் இல்லாவிட்டால் கல்லை வைப்போம், அந்தக் கல் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும், தள்ளி வைத்தால் சண்டை. அந்த வரிசையில் நைனாவையோ வேறு எந்த ஆம்பளையையோ நான் பார்த்ததில்லை. ரேஷன் மண்ணெண்ணெய் வரிசையிலும் அப்படித்தான். கமிஷின் பாட்டியையும் எங்கள் அம்மாவையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தால் பாஷை தெரியாமலே பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஏன் அப்படி ஆனது? பணம் இரும்புக்கும் ராணுவத்துக்கும் முதலில் போனது, துணி துவைக்கும் மிஷினும் ஃப்ரிட்ஜும் கடைசியில் வந்தன. பொது உணவுக்கூடங்கள் இருந்தன, ஆனால் வீட்டு அடுப்பு அணையவில்லை. ரொம்ப வருஷம் ஒரே வீட்டில் நாலைந்து குடும்பம், ஒரே சமையலறை, ஸ்டோர் வீடு மாதிரியேதான். 1957-க்குப் பிறகுதான் தனித்தனிச் சின்ன வீடுகள் வேகமாகக் கட்டினார்கள். இதெல்லாம் ஒரு காரணம். இன்னொரு காரணம், சோறு வடிப்பது அரசாங்கத்தின் வேலை என்று சொன்னார்களே தவிர, அது வரும்வரைக்கும் புருஷனும் வடிக்கலாம் என்று அழுத்தமாக யாரும் சொல்லவில்லை. அந்த நாட்டு ஆய்வாளர்களே ஆணும் பெண்ணும் ஒரு வாரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று மணிக்கணக்காக எழுதிப் பார்த்திருக்கிறார்கள். வெளிவேலை இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒன்று, வீட்டு வேலை பெண்ணுக்கு இரண்டு மடங்குக்கும் மேல்.

இன்னொன்றையும் எழுத வேண்டும், கூச்சப்பட்டு விட்டுவிட்டால் எழுதிப் பிரயோசனம் இல்லை. விண்வெளிக்குப் பெண்ணை அனுப்பிய நாட்டில் மாதவிலக்குக்கு நாப்கின் கிடைக்காது. பஞ்சும் காஸ் துணியும் வாங்கி வீட்டிலேயே சுற்றிக்கொள்வார்கள், சில சமயம் பஞ்சும் கிடைக்காது. எத்தனை டன் எஃகு வேண்டும் என்று திட்டம் போட்டவர்கள் உட்கார்ந்திருந்த மேசையில் அதைச் சொல்லப் பெண்கள் இல்லை. கட்சியின் உச்சிக் குழுவுக்கு முதல் பெண்ணாக எகடெரினா ஃபுர்ட்சேவா வந்தது 1957-ல், புரட்சி நடந்து நாற்பது வருஷம் கழித்து. 1961-ல் அவரும் போனார், அதற்கப்புறம் இன்னொரு பெண் முழு உறுப்பினராக வந்தது 1990-ல். அடுத்த வருஷம் அந்த நாடே இல்லை.

என் மனசை ரொம்ப அறுத்தது 1936. அந்த வருஷம் மே மாதம் கருக்கலைப்பைத் திரும்பத் தடைசெய்ய ஒரு சட்ட வரைவை வெளியிட்டு, மக்கள் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். பெண்கள் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார்கள் ஐயா. நான் இப்போது உங்களுக்கு எழுதுவதைப் போலவே. ஒரே அறையில் இத்தனை பேர் இருக்கிறோம், இன்னொரு பிள்ளையை எங்கே படுக்க வைப்பது என்று எழுதினார்கள். படிக்கிறேன், இப்போது பிள்ளை பெற்றால் படிப்பு போய்விடும் என்று எழுதினார்கள். சில கடிதங்கள் அச்சிலும் வந்தன. ஜூன் 27-ம் தேதி சட்டம் நிறைவேறியது. அதே சட்டத்தில் நிறையப் பிள்ளை பெறுகிறவர்களுக்கு உதவித்தொகை கூடியது, காப்பகங்கள் கூட்டுவதாகச் சொன்னார்கள், விவாகரத்துக்குக் கட்டணம் போட்டார்கள், முதல் தடவை 50 ரூபிள், இரண்டாவது தடவை 150, அதற்கு மேல் 300. 1920-ல் ஒரு கையெழுத்தில் கொடுத்தது 1936-ல் இன்னொரு கையெழுத்தில் போனது, 1955-ல் மூன்றாவது கையெழுத்தில் திரும்பி வந்தது. மூன்று முறையும் அந்தப் பெண்கள் அங்கேயேதான் இருந்தார்கள், மூன்று முறையும் முடிவு எடுத்தது வேறு யாரோ. பெண்களுக்கென்று கட்சிக்குள் 1919-ல் தொடங்கிய தனிப் பிரிவையும் 1930-லேயே மூடிவிட்டார்கள், பெண்கள் பிரச்சினைதான் தீர்ந்துவிட்டதே என்று.

போரில் கோடிக்கணக்கான உயிர் போன பிறகு இன்னும் மோசம். 1944 சட்டப்படி பதிவு செய்யாத கல்யாணம் கல்யாணமே இல்லை, அந்தப் பிள்ளைக்கு அப்பன் பெயர் கேட்க முடியாது, பிறப்புச் சான்றிதழில் தகப்பன் இடத்தில் ஒரு கோடு. பத்துப் பிள்ளை பெற்று வளர்த்தால் 'வீரத்தாய்' பட்டம், பதக்கம். 1918-ல் எந்தப் பேதத்தை ஒழித்தோம் என்று பெருமைப்பட்டார்களோ அதே பேதத்தை அந்தக் கோடு திரும்பக் கொண்டுவந்தது. இனிஷியல் என்ன, இனிஷியல் என்ன என்று பள்ளிக்கூடச் சேர்க்கையில் ஒரு தாயை நாலு பேர் முன்னால் நிற்க வைத்துக் கேட்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோடு எவ்வளவு நீளம் என்று தெரியும்.

எதிர்த்துக் கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. 1979-ல் லெனின்கிராடில் சில பெண்கள் பிரசவ ஆஸ்பத்திரியில், கருக்கலைப்பு வார்டில், காப்பகத்தில் என்ன நடக்கிறது என்று தாங்களே எழுதி, தட்டச்சு செய்து, கைக்குக் கை கொடுத்துப் பரப்பினார்கள். தத்யானா மமோனவா அவர்களில் ஒருவர். மறு வருஷம், மாஸ்கோவில் ஒலிம்பிக் நடந்த அதே கோடையில், அவரையும் கூட இருந்த சிலரையும் நாட்டை விட்டே அனுப்பிவிட்டார்கள். நூல் மில் பெண்கள் தெருவுக்கு வந்து பிறந்த அரசு, நாலு பெண்கள் தட்டச்சு செய்த தாளுக்குப் பயந்தது.

மற்ற கம்யூனிஸ்ட் நாடுகளைப் பற்றியும் ஒரு வாசகர் கேட்டிருந்தார். கிழக்கு ஜெர்மனியில் கல்யாணமான பெண்களுக்கு 1952-லிருந்து மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு, வீட்டு வேலை செய்ய. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த நாளை மனைவிக்குக் கொடுத்ததிலேயே வேலை யாருடையது என்று சொல்லிவிட்டார்கள். ருமேனியாதான் கொடுமையிலும் கொடுமை. 1966-ல் கருக்கலைப்பைத் தடைசெய்தார்கள், பின்னாளில் ஆலைகளுக்குள்ளேயே டாக்டரை அனுப்பிப் பெண்களைப் பரிசோதித்தார்கள், 1989 டிசம்பரில் அதிபர் சௌசெஸ்கு விழும்வரை அந்தத் தடை இருந்தது. திருட்டுத்தனமாகக் கலைக்கப் போய்ச் செத்த பெண்கள் கிட்டத்தட்ட 10,000 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். கியூபாவில் எங்கள் அம்மாவின் கேள்விக்கு நேராகச் சட்டத்தில் பதில் எழுதினார்கள். 1975 மார்ச் 8-ல் நடைமுறைக்கு வந்த குடும்பச் சட்டம், வீட்டு வேலையும் பிள்ளை வளர்ப்பும் இரண்டு பேர் பொறுப்பு, ஒருத்தர் மட்டும் வெளியே சம்பாதித்தாலும் மற்றவரோடு சேர்ந்து செய்ய வேண்டும் என்றது, அதைக் கல்யாணத்தின்போது மாப்பிள்ளை பெண்ணுக்கு எதிரிலேயே வாசித்துக் காட்டினார்கள். உடனே எல்லா ஆம்பளையும் கரண்டி பிடித்துவிடவில்லை, இருந்தாலும் வாசித்தார்கள் இல்லையா, நாலு பேர் முன்னால்.

இப்போது நம் ஊர். 1996-ல் மில் மூடியபோது நைனா வீட்டோடு ஆனார். அம்மாவின் இட்லிக் கடைதான் குடும்பத்தை ஓட்டியது. காலையில் கடை, மத்தியானம் மாவு, ராத்திரி சோறு வடிப்பது அப்போதும் அவள்தான். நைனா பேப்பரோடு வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். மனசு ஒடிந்துபோன மனுஷன், கொடுமைக்காரர் இல்லை. அவருக்கு அது தோன்றவே இல்லை, அவ்வளவுதான். அவ்வளவு கூட்டம் பேசியவருக்கு, மற்றவர் உழைப்பைத் திருடக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவருக்கு. நான் இப்போது அழுதுகொண்டுதான் எழுதுகிறேன்.

2021-ல் எங்களுக்கு டவுன் பஸ்ஸை இலவசமாக்கினார்கள், 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கினார்கள், அதற்கு 'உரிமைத் தொகை' என்று பேர் வைத்ததற்கே நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021-ல் சட்டம் வந்தது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் காலை பத்து மணியிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே புடவையைப் பிரித்துக் காட்டுகிற பெண்களின் காலைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சட்டத்தின் அருமை தெரியும். என் மருமகளும் அப்படி ஒரு கடையில்தான் இருக்கிறாள். ஸ்டூல் போட்டிருக்கிறார்களாம், ஆனால் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வைக்கு எழுந்துவிடுவாளாம். இதை அவள் வாய் திறந்து சொல்ல ஓர் இடம் வேண்டும், சொன்னால் வேலை போகாது என்ற தைரியம் வேண்டும். 1936-ல் கடிதம் எழுதிய பெண்களுக்கு இல்லாதது அதுதான். சட்டம் அவர்களுக்கும் இருந்தது.

ஆகையால் அந்த வாசகர்களிடம் நான் கேட்பது, இனிமேல் எந்த நாட்டை, எந்தக் கட்சியைப் பற்றி எழுதினாலும் முதலில் அந்த ஊரில் சோறு வடித்தது யார், வரிசையில் நின்றது யார், அதைப் பற்றி முடிவு எடுத்த இடத்தில் அவள் இருந்தாளா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-ல் சட்டம் திருத்தினார்கள். உங்கள் நிருபர் ஒருவரை எம்.சி. ரோட்டுக்கும் இந்தப் பக்கத்து கார்மென்ட் கம்பெனிகளுக்கும் அனுப்புங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டாம். பலகை தொங்குகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பவும் வேண்டாம், கதவைத் திறந்து உள்ளே குழந்தைகள் இருக்கிறார்களா, நூல் கோன் மூட்டை இருக்கிறதா என்று பார்த்து எழுதட்டும். வழி தெரியவில்லை என்றால் நானே கூட வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வியாசர்பாடி, சென்னை.